சீனி இருக்கும்வரை வித்தி இல்லை

கேள்வி: பாண் போடும் ஈஸ்டைச் சீனிக் கரைசலில் ஒரு கிழமை வைத்து, தினமும் நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். மொட்டுகள்தான் தெரிகின்றன. புத்தகப் படத்திலுள்ள நான்கு வித்திகள் ஏன் வரவில்லை, சேர்?
– உயர்தர மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், உங்கள் கை பிழைக்கவில்லை. சீனிதான் தடுத்தது. குளுக்கோசு தாராளமாகக் கிடைக்கும்போது கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் சமிக்ஞை வலுவாக இருக்கும். வித்தியாக்கத்தை, அதாவது கெட்ட காலத்தைத் தாங்கும் வித்திகள் உருவாவதை, தொடக்கும் ஐஎம்ஈ-1 என்ற பரம்பரையலகை அது எழும்ப விடாது.

அப்படியென்றால் பட்டினி போட்டால் போதுமா? போதாது. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். நைதரசனை நிறுத்த வேண்டும். ஆனால் நொதிக்க முடியாத, சுவாசித்து மட்டுமே பயன்படுத்தக்கூடிய ஓர் உணவு கையில் இருக்க வேண்டும். வினாகிரி அமிலத்தின் உப்பான அசற்றேற்று அப்படிப்பட்டது. அதன் ஒரு பங்கு கலத்தின் சுவாச உறுப்பான இழைமணிக்குள் கிரெப்ஸ் வட்டம் என்ற தாக்கத் தொடரில் எரிந்து, நான்கு வித்திகளுக்கான கருக்களை உண்டாக்கும் ஒடுக்கற்பிரிவுக்கு வேண்டிய சக்தியைத் தரும். இன்னொரு பங்கு கிளையொட்சிலேற்று வட்டம் என்ற வேறொரு தாக்கத் தொடரால் போய், வித்தியின் சுவருக்கும் சேமிப்புக்கும் வேண்டிய வெல்லமாக மாறும். சுவாசிக்க முடியாதபடி இழைமணி பழுதான ஈஸ்ட் வித்தி தராதது இதனால்தான்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். அட்டனில் படிப்பித்த காலத்தில், குப்பியை இறப்பர் அடைப்பால் இறுக மூடி வைத்தேன். ஐந்து நாள் கழித்து ஒரு வித்திகூட இல்லை. காற்றில்லாமல் எப்படிச் சுவாசிக்கும்? மறுமுறை வாயில் பஞ்சு மட்டும் வைத்து, போகும்போதும் வரும்போதும் குலுக்கினேன். நான்காம் நாள், ஒரு மெல்லிய பைக்குள் மூன்று உருண்டைகள் நெருங்கி நிற்க, நான்காவது அவற்றின் மேல் ஏறி இருந்தது. மணி அடித்தும் பிள்ளைகள் எழும்பவில்லை.

நீங்கள் இப்படிச் செய்யுங்கள். ஓரிரவு வளர்ந்த ஈஸ்டை அடிய விட்டு, மேல்நீரை ஊற்றிவிட்டு, கொதித்தாறிய நீரால் இரண்டு தரம் கழுவுங்கள். 100 மில்லிலீற்றர் நீரில் 1 கிராம் பொற்றாசியம் அசற்றேற்றுக் கரைத்து, அதில் கழுவிய ஈஸ்டைக் கொஞ்சமாக விடுங்கள். 25 முதல் 30 பாகை வெப்பம் நல்லது. உங்கள் பக்கத்து இராக்குளிர் ஆகாது. அடுப்படிக்கு அருகே, ஆனால் அடுப்பில் படாமல் வையுங்கள். மூன்றாம் நாளிலிருந்து பாருங்கள்.

பேக்கரி ஈஸ்ட் வகைகள் சில, நிறமூர்த்தத் தொகுதிகள் கூடியிருப்பதால், இலேசில் வித்தி தரமாட்டா. வராவிட்டால் அப்பத்துக்கு வாங்கும் கித்துள் கள்ளின் அடிமண்டியில் இருந்து தொடங்குங்கள். எனக்கு அதில்தான் நன்றாக வந்தது.