பேஸ்பால் அணியின் 'சீசன் வாரியான வரலாறு' என்றால் என்ன? அதில் வெற்றி விகிதம் எதற்கு?

ஆண்டுக்கு ஒரு வரி: எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி, கடைசியில் எந்த இடம். அவ்வளவுதான்.

விகிதம் (வெற்றிகளை ஆடிய ஆட்டங்களால் வகுத்தது) தேவைப்படுவது, ஆட்டங்களின் எண்ணிக்கை எல்லா ஆண்டும் ஒன்றாக இல்லாததால். அமெரிக்காவின் சிகாகோ கப்ஸ் அணியின் பட்டியலில் 2016-க்கு 103 வெற்றி, 2020-க்கு வெறும் 34. அணி படுத்துவிட்டதா? இல்லை, கொரோனாவால் அந்த ஆண்டு 162-க்குப் பதில் 60 ஆட்டம்தான். 34 வெற்றிக்கே பிரிவில் முதலிடம் கிடைத்தது. 60 மார்க் தேர்வில் 34 வாங்கிய பிள்ளையை 162 மார்க் தேர்வில் 103 வாங்கிய பிள்ளையோடு அப்படியே ஒப்பிடுவோமா?

அப்புறம், அதிக வெற்றி என்றால் சாம்பியன் என்று பலர் நினைக்கிறார்கள். 1906-ல் 116 ஆட்டம் வென்ற இதே கப்ஸ், சாம்பியனை முடிவு செய்யும் உலகத் தொடரில் அதே சிகாகோவின் இன்னொரு அணியான வைட் சாக்ஸிடம் 4-2 என்று தோற்றது.