கரகரத்த குரல் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். குரல் நடிப்பைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையை வீட்டில் எல்லோரும் படித்தோம். 'முலான்' என் எட்டு வயது மகளுக்கு மிகவும் பிடித்த அனிமேஷன் படம். அதில் வரும் யாவ் என்ற முரட்டுப் படைவீரனைப் போலப் பேசிக் காட்டுவாள். அவனுக்குக் குரல் கொடுத்தவர் ஹார்வி ஃபயர்ஸ்டீன் என்று எழுதிவிட்டு, அவர் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். எனக்கு அவர்மீது எந்த வெறுப்பும் இல்லை. ஆனால் குரல் நடிகர் முகமே தெரியாதவர் அல்லவா? திரைக்குப் பின்னால் நின்று பேசுபவரின் சொந்த வாழ்க்கை கேட்பவருக்கு எதற்கு? அந்த ஒரு வரி இல்லாமலே கட்டுரை முழுமையாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. என் மகனுக்குப் பதினைந்து வயது. குரல் உடைந்து ஒரு நிலைக்கு வராமல் இருக்கிறது. பேச்சும் கையசைவும் கொஞ்சம் மென்மையாக இருப்பதால் பள்ளியில் கேலி செய்கிறார்கள். இப்போது வீட்டிலும் பேச்சைக் குறைத்துவிட்டான். உங்கள் கட்டுரையை அவன் இரண்டு முறை படித்ததைப் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வாசகர், கோவை

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதிக்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இரண்டாம் பாதியைப் படித்த பிறகு அதை அப்படியே அனுப்ப மனம் வரவில்லை. உங்கள் மகனிடமிருந்தே தொடங்குகிறேன்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பென்சன்ஹர்ஸ்ட் என்ற பகுதி. அங்கே ஒரு யூதக் குடும்பத்தில், 1950களில் பிறந்தவர் ஹார்வி. அப்பா கைக்குட்டை தயாரிப்பவர், அம்மா பள்ளி நூலகர். ஹார்வி சிறுவனாக இருந்தபோது பாடகர் குழு ஒன்றில் உச்சக்குரலில் பாடிக்கொண்டிருந்தார். இன்று அவர் பேசுவதைக் கேட்பவர்கள் இதை நம்ப மாட்டார்கள். நம் நாடகக் கம்பெனிக்காரர்கள் மகரக்கட்டு என்று சொல்வார்களே, அது அவருக்கு வந்தபோது குரல் உடைந்தது. மீண்டும் சேர்ந்தபோது அது வேறொரு குரலாக இருந்தது.

நம் தொண்டையில் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் உண்டு. பொய்க் குரல்நாண்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். சாதாரணமாகப் பேசும்போது அவை ஒதுங்கி நிற்கும். ஹார்விக்கு அவை மிகையாக வளர்ந்தவை. அவர் பேசும்போது அவையும் சேர்ந்து அதிரும். அதனால் ஒரே தொண்டையிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வருவதுபோல் இருக்கும். ஜல்லிக்கற்கள் மேல் வண்டி போகும் ஓசை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கரகரப்புக்கு அடியில் ஓர் இழைவு உண்டு. வாக்கியத்தின் கடைசிச் சொல்லில் குரல் சட்டென்று தணிந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலாகிவிடும்.

இந்தக் குரலோடு நடிக்க வருகிறேன் என்று நிற்கும் ஒரு பையனை எத்தனை பேர் உள்ளே விட்டிருப்பார்கள்? கதவைத் திறந்தது மன்ஹாட்டனில் எலன் ஸ்டூவர்ட் என்ற கறுப்பினப் பெண்மணி நடத்திய லா மாமா என்ற சிறிய அரங்கு. 1971இல் அங்கே ஓவியர் ஆண்டி வார்ஹோலின் நாடகத்தில் ஹார்விக்குக் கிடைத்த முதல் வேடம், ஆஸ்துமாக்காரியான ஒரு துப்புரவுப் பெண். நம் கம்பெனி மொழியில் சொன்னால் ஸ்திரீபார்ட். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பகலில் ஓவியக் கல்லூரி, இரவில் பெண் வேடம் என்று அவர் வாழ்க்கை தொடங்கியது.

அதன் பிறகு தனக்கான வேடத்தைத் தானே எழுத ஆரம்பித்தார். 1970களின் கடைசியில் லா மாமாவில் ஒவ்வொன்றாக மேடையேறிய மூன்று நாடகங்கள் பிறகு 'டார்ச் சாங் ட்ரைலஜி' என்ற ஒரே நாடகமாயின. நான்கு மணி நேரம் போகும். 1982இல் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்குப் போய் 1,200 தடவைக்கு மேல் நடந்தது. நாயகன் ஆர்னல்ட் பெண் வேடமிட்டுப் பாடிப் பிழைப்பவன். அவன் காதலன் ஆலனைத் தெருவில் ஒரு கும்பல் அடித்தே கொன்றுவிடுகிறது. மூன்றாம் பாகத்தில் அம்மா மகனைப் பார்க்க வருகிறாள். 1988இல் வந்த இதன் திரைப்பட வடிவத்தில் இருவரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறார்கள். அம்மா தன் கணவருக்காகப் பிரார்த்தனை சொல்கிறாள். சற்றுத் தள்ளி மகன் ஆலனுக்காக அதே பிரார்த்தனையைச் சொல்கிறான். அம்மாவுக்குத் தாங்கவில்லை. என் முப்பத்தைந்து வருடக் கல்யாணமும் உன்னுடைய இதுவும் ஒன்றா என்று வெடிக்கிறாள். இருவர் துக்கமும் உண்மையானது. ஆனால் அவனுடையதைத் துக்கம் என்று ஒப்புக்கொள்ள அவளால் முடியவில்லை.

அந்தச் சண்டையில் ஆர்னல்ட் சொல்லும் ஒன்று எனக்குள் இறங்கிவிட்டது. தைக்க, சமைக்க, குழாய் பழுதுபார்க்க என்று எல்லாவற்றையும் தானே கற்றுக்கொண்டதாகச் சொல்கிறான், யாரிடமும் எதற்கும் கையேந்தக் கூடாது என்பதற்காக. அன்பும் மரியாதையும் மட்டும்தான் பிறரிடமிருந்து அவனுக்கு வேண்டியவை; அந்த இரண்டையும் தர முடியாதவருக்குத் தன் வாழ்வில் இடம் இல்லை. இதை அவன் அம்மாவிடம் சொல்கிறான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த வேடத்தில் நடித்தவரும் ஹார்விதான். 1983இல் சிறந்த நாடகம், சிறந்த நடிகர் என்று இரண்டு டோனி விருதுகள், அமெரிக்க நாடக உலகின் உயரிய விருதுகள், அவருக்குக் கிடைத்தன. தயாரிப்பாளர் ஜான் கிளைன்ஸ் அந்த மேடையிலேயே தன் வாழ்க்கைத் துணையான ஆணின் பெயரைச் சொல்லி நன்றி கூறினார். அமெரிக்கா முழுவதும் பார்க்கும் விருது விழாவில் அப்படி ஒரு நன்றி அதற்கு முன் ஒலித்ததில்லை.

அதே ஆண்டில் செய்தியாளர் பார்பரா வால்டர்ஸ் தொலைக்காட்சியில் அவரைப் பேட்டி கண்டார். காதல், பொறுப்பு, குடும்பம் எல்லாம் ஆண்–பெண் ஜோடிகளுக்கு மட்டும் உரிய சொற்கள் அல்ல, மனிதர்களின் சொற்கள் என்று ஹார்வி பொறுமையாக விளக்கினார். குரலில் கெஞ்சலும் இல்லை, கோபமும் இல்லை. எய்ட்ஸ் நோயின் பெயரால் தன்பாலீர்ப்பாளர்களை ஊரே விலக்கி வைக்கத் தொடங்கிய காலம் அது.

இனி உங்கள் முதல் கேள்வி. முகம் தெரியாத கலைஞரின் வாழ்க்கை நமக்கு எதற்கு என்கிறீர்கள். நம்மூரில் டப்பிங் என்றால் படம் முதலில், குரல் பிறகு. நடிகரின் உதட்டசைவுக்குள் வசனத்தைப் பொருத்த வேண்டும். அமெரிக்க அனிமேஷன் படங்களில் இது தலைகீழ். குரலைத்தான் முதலில் பதிவு செய்கிறார்கள். நடிகர் எங்கே மூச்சு வாங்கினார், எந்தச் சொல்லில் தயங்கினார், எங்கே சிரிப்பை அடக்கினார் என்று கேட்டுக் கேட்டு ஓவியர்கள் முகத்தை வரைகிறார்கள். திரைக்குப் பின்னால் நிற்பவர் என்று நீங்கள் சொன்னவரின் மூச்சில்தான் அந்த உருவம் அசைகிறது.

யாவையே எடுத்துக்கொள்ளுங்கள். குள்ளமான, தடித்த, வீங்கிய கண்ணோடு எதற்கும் கை ஓங்கும் ஆள். 1998இல் வந்த அந்தப் படத்தின் கடைசியில் அவனும் நண்பர்கள் இருவரும் பெண் உடை உடுத்தி, முகத்தில் சாயம் பூசி அரண்மனைக்குள் நுழைந்து பேரரசரைக் காப்பாற்றுகிறார்கள். படையில் எல்லோரையும்விட முரடனான அவன், தயக்கமில்லாமல் அந்த உடையை அணிகிறான். அவனுக்குக் குரல் கொடுத்தவர், லா மாமாவில் ஸ்திரீபார்ட்டாக வாழ்க்கையைத் தொடங்கியவர். இது தெரியாமலும் உங்கள் மகள் அந்தக் காட்சியை ரசிக்கலாம், ரசிக்கட்டும். தெரிந்த பிறகு எனக்கு அந்தக் காட்சி இன்னும் அழகாகிவிட்டது.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பு, 1990இல், 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அனிமேஷன் தொடரில் கார்ல் என்ற பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். உயரமாக, பொன்னிற முடியோடு, நேர்த்தியாக உடுத்திய செயலாளர். தன்மேல் நம்பிக்கையே இல்லாத ஹோமர் சிம்ப்சனை நிமிர்ந்து நிற்க வைக்கிறான். ஹோமர் செய்த தவற்றைத் தன் தலையில் போட்டுக்கொண்டு வேலையையும் இழக்கிறான். ஹார்வியின் உருவத்துக்கும் கார்லின் உருவத்துக்கும் எந்தப் பொருத்தமும் கிடையாது. குரல் ஒன்றுதான் அவருடையது.

எல்லோரும் தங்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் குரல் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. 1994இல் 'லயன் கிங்' படத்தில் டிமோனுக்குக் குரல் கொடுத்த நேதன் லேன் 1999இல்தான் தன்னைப் பற்றிப் பொதுவில் சொன்னார். அது அவர் உரிமை. ஆனால் ஹார்வி விஷயத்தில் அந்த ஒரு வரியை நான் விட்டிருந்தால் அவர் வாழ்நாள் முழுவதும் செய்த வேலையையே விட்டதாகும். 1984இல் வந்த 'தி டைம்ஸ் ஆஃப் ஹார்வி மில்க்' என்ற ஆவணப்படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சான் பிரான்சிஸ்கோவில் தேர்தலில் வென்ற வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர் ஹார்வி மில்க். 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். தான் கொல்லப்படக்கூடும் என்று எண்ணி, அப்படி நடந்தால் மட்டும் கேட்கும்படி முன்கூட்டியே தன் குரலை ஒலிநாடாவில் பதிந்து வைத்திருந்தவர். ஆஸ்கர் வாங்கிய அந்தப் படத்தில் அவருடைய பதிவுக் குரலும் ஒலிக்கிறது. கதையை நமக்குச் சொல்லிக்கொண்டு போகும் குரல் ஹார்வி ஃபயர்ஸ்டீனுடையது. செத்தவரின் குரலை அடுத்து இந்தக் கரகரத்த குரல் வரும்போது, பேசுபவர் யார் என்பது வெறும் தகவலாகவா இருக்கிறது?

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'லா காஜ் ஓ ஃபோல்' இசை நாடகத்தின் கதைவசனத்துக்கு 1984இல் மூன்றாவது டோனி. 'ஹேர்ஸ்ப்ரே' இசை நாடகத்தில் பால்டிமோரில் துணி வெளுத்து இஸ்திரி போடும் எட்னா என்ற அம்மாவாக நடித்ததற்கு 2003இல் நான்காவது. நான்கும் நான்கு வெவ்வேறு பிரிவுகளில். கிழவி வேடத்தால் 'அவ்வை' சண்முகம் என்று பெயர் பெற்ற கலைஞரைக் கொண்டாடிய நமக்கு எட்னா அந்நியம் அல்ல. 2005இல் 'ஃபிட்லர் ஆன் தி ரூஃப்' நாடகத்தில் ஐந்து பெண்களைப் பெற்ற ஏழைப் பால்காரன் டெவ்யேயாக நின்றார். 'இண்டிபெண்டன்ஸ் டே', 'மிஸஸ் டவுட்ஃபயர்' படங்களில் சிறு வேடங்கள். 2013இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி பெற்ற 'கிங்கி பூட்ஸ்'ஸின் கதைவசனமும் அவருடையதே. 2025இல் வாழ்நாள் சாதனைக்கான டோனி விருதையும் அவருக்கு வழங்கினார்கள்.

இவ்வளவு எழுதியும் என் மனம் நிற்பது ஒரு வாத்துக்குஞ்சிடம்தான். 'தி சிஸ்ஸி டக்ளிங்' என்ற அனிமேஷன் கதையை எழுதி, எல்மர் என்ற அந்தக் குஞ்சுக்குக் குரலும் கொடுத்தார். 1999இல் தொலைக்காட்சியில் வந்தது. 2002இல் படப் புத்தகமானது. எல்மருக்குச் சமைக்கப் பிடிக்கும், பொம்மலாட்டம் பிடிக்கும். மற்ற குஞ்சுகள் அவனைக் கேலிப்பெயர் வைத்து விரட்டுகின்றன. அப்பாவுக்கே அவனால் தலைகுனிவு. குளிர்காலத்துக்காக எல்லாப் பறவைகளும் தெற்கே பறக்கும்போது வேட்டைக்காரன் சுட்டு அப்பா விழுந்துவிடுகிறார். கூட்டம் நிற்காமல் போய்விடுகிறது. எல்மர்தான் அப்பாவை இழுத்துக்கொண்டுபோய், தான் அமைத்த வீட்டில் வைத்து, சமைத்துப் போட்டுக் குளிர்காலம் முழுவதும் காப்பாற்றுகிறான்.

எனக்குப் பதின்மூன்று வயதில் வகுப்பில் பாடம் வாசிக்கச் சொன்னார்கள். முதல் வரியிலேயே குரல் பிளந்தது. ஆசிரியர் என்னைப் போலவே பேசிக் காட்ட, வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்த ஆண்டு முடியும்வரை வருகைப் பதிவின்போது நான் 'உள்ளேன் ஐயா' சொல்லவில்லை, கையை மட்டும் தூக்கினேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அவன் எந்தக் கட்டுரையை எத்தனை முறை படித்தான் என்பதுவரை கவனித்திருக்கிறீர்கள்.

உங்கள் மகன் யார் என்று அவன் குரலை வைத்து நானும் நீங்களும் முடிவு செய்ய வேண்டாம். சொல்ல ஏதாவது இருந்தால், இருக்கும்போது, அவன் சொல்வான். பள்ளிக்கு மட்டும் இந்த வாரமே போய்வாருங்கள். கேலி செய்யும் பையன்களைப் பற்றிப் பேசுங்கள், உங்கள் பையனை மாறச் சொல்லும் பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

அப்புறம், எல்மர் கதையை அவனையே தங்கைக்குத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அவள் யாவைப் போலப் பேசிக் காட்டுபவள், சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டாள், வேட்டைக்காரன் வேடத்தைப் பிடுங்கிக்கொள்வாள். அடிபட்ட அப்பா வாத்தின் வசனங்களுக்கு உடைந்த குரல் நன்றாகப் பொருந்தும். நீங்கள் பக்கத்து அறையில் இருங்கள். கதவு திறந்தே இருக்கட்டும்.

அன்புடன்.