ராமநாதபுரம் கரையோரம் நாயோடு கூடாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு மூன்று வயது, 28 கிலோ எடை. பிப்ரவரியில் தொண்டியில் ஆரம்பித்து மூக்கையூர் வரை, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே பிரியும் ஊர்ச்சாலைகளில் காரில் போக இருக்கிறோம். மூன்று இரவு கூடாரம் போட எந்தப் பக்கம் நல்லது? – வாசகி, பரமக்குடி

பதில்: காற்றைப் பார்த்துவிட்டு ஊரை முடிவு செய்யுங்கள். பாம்பனுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியானது என்று வடகடலைப் பெண் கடல், முரடானது என்று தென்கடலை ஆண் கடல் என்பார்கள். ஆனாலும் வாடைக் காற்று வீசும் மாதங்களில் கொந்தளிப்பது வடகடல்தான். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று கிளம்பிவிட்டால் தென்கடல். பிப்ரவரியில் வாடை முழுசாக அடங்கியிருக்காது. தொண்டி, தேவிபட்டினம் பக்கத்தைப் பகலில் சுற்றிவிட்டு, இரவுகளைத் தெற்குக் கரையில், பெரியபட்டினத்திலிருந்து வாலிநோக்கம், மூக்கையூர் வரையுள்ள பகுதியில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே கூடார வாசலைக் கடலைப் பார்த்து வைத்தால் காற்று முதுகில் அடிக்கும், மணல் உள்ளே வராது.

ஆளில்லாத கரையாகப் பார்த்து இறங்காதீர்கள். இலங்கைக்கு எதிர்க்கரை இது. ராத்திரியில் டார்ச் வெளிச்சத்தோடு அந்நியர் நடமாடினால் கடலோரக் காவல் படை வந்து விசாரிப்பது சகஜம். சரியான இடம், வீட்டை ஒட்டியுள்ள பனந்தோப்போ தென்னந்தோப்போதான். சொந்தக்காரரிடம் அனுமதி கேளுங்கள், நாய் இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள், அவர் வீட்டில் ஆடு கோழி எங்கே கட்டிக் கிடக்கிறது என்றும் பாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவருக்கும், பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிட்டால் நிம்மதி. தனுஷ்கோடியைத் தங்குமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள். பொழுது சாய்வதற்குள் எல்லோரையும் வெளியேற்றிவிடுவார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. படகுக்காரர் கூட்டிப்போகிறேன் என்றாலும் கரையிறங்கக் கூடாது. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைச் சரணாலயங்களுக்குள்ளும் நாய் வேண்டாம். அது கூடு கட்டும் பருவம்.

தண்ணீர்தான் இந்த மாவட்டத்தில் பெரிய விஷயம். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி தேவை. உங்கள் லேப்ரடாருக்கு சுமார் ஒன்றரை லிட்டர். வெயிலில் ஓடியாடினால் இரட்டிப்பு, அதாவது 3 லிட்டர். கால் கழுவ, உப்பைத் துடைத்தெடுக்க தனி. 20 லிட்டர் கேன் ஒன்றை நாய்க்கென்றே வையுங்கள். வழியில் கிடைக்கும் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. தாகமெடுத்த நாய் கடல் தண்ணீரையே குடிக்கப் பார்க்கும். கொஞ்சம் குடித்தால் வயிற்றுப்போக்கு. நிறையக் குடித்தால் ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வரைக்கும் போகும். அதனால் கடலில் விளையாட விடும்போது கால் மணிக்கு ஒருமுறை கூப்பிட்டு நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

கேள்வி: மணலில் கூடார முளை நிற்பதே இல்லை. போன முறை நாயைக் கூடாரக் கம்பியில் கட்டியிருந்தோம். நடுராத்திரியில் எல்லாம் சரிந்துவிட்டது. – வாசகர், சாயல்குடி

பதில்: கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் செம்மண்ணுக்கானவை. கடல் மணலில் உருவிக்கொண்டு வந்துவிடும். 5 கிலோ அரிசிப் பைகள் ஆறு எடுத்துப்போங்கள். முக்கால் பைக்கு மணல் நிரப்பி வாயைக் கட்டி, நடுவயிற்றில் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். ஒன்றரை அடி குழி தோண்டி, கயிறு இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பையைப் படுக்க வைத்து மூடி, தண்ணீர் தெளித்து மிதியுங்கள். கடல் தண்ணீரே போதும். நேராக மேலே இழுத்தால் பை கிளம்பிவிடும். கயிறு சாய்வாக வெளியேற வேண்டும்.

நாயை எந்தக் காரணத்துக்கும் கூடாரத்தில் கட்டாதீர்கள். காரின் இழுவைக் கொக்கியில், எட்டடிக் கயிற்றில், கழுத்துப் பட்டையில் இல்லாமல் மார்புப் பட்டையில் கட்டுங்கள். சங்கிலி வெயிலில் சூடேறும், கயிறே நல்லது. தூங்கும்போது நாய் உள்ளே உங்களோடு இருக்கட்டும். சுருட்டை விரியன், கட்டு விரியன் இரண்டும் இரவில் நடமாடுபவை. சாப்பாட்டு மிச்சத்துக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். நாயின் தட்டைக் கழுவிக் காருக்குள் வைத்துவிட்டுப் படுங்கள்.

கேள்வி: உள்ரோட்டில் போனாலே கருவேல முள் டயரில் ஏறிவிடுகிறது. நாயின் காலையும் பதம் பார்க்கிறது. மணலில் வண்டி புதைந்தால் என்ன செய்வது? – வாசகர், ராமநாதபுரம்

பதில்: சீமைக் கருவேல முள்ளை வெட்டிய இடம்தான் மோசம். கரிமூட்டத்துக்கு வெட்டி ஓரத்தில் குவித்திருப்பார்கள், காய்ந்த முள் ரோட்டில் கிடக்கும். ட்யூப்லெஸ் டயரில் முள் ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ஓட்டையை அதுவே அடைத்துக்கொண்டிருக்கும். காற்றைச் சோதித்து, நிரப்பிக்கொண்டே பஞ்சர் கடை வரை போய்விடலாம். பஞ்சர் கிட், 12 வோல்ட் காற்றடிக்கும் பம்பு, அழுத்தமானி மூன்றும் வண்டியில் கட்டாயம்.

தளர்ந்த மணலில் இறங்கும் முன் டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறையுங்கள். டயர் பரந்து மணல்மேல் நிற்கும். 15-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். வேகம் 20-க்குள், திடீர் பிரேக் கூடாது. தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி நிரப்பாவிட்டால் டயர் சூடேறி வெடிக்கும். சக்கரம் சுழன்றால் உடனே நிறுத்துங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி அச்சு வரை இறங்கும். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி, சாக்குப் பையோ பனையோலையோ போட்டு, வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள். ஓலை மட்டும் போடுங்கள். மட்டையின் கருக்கு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும்.

மணலைவிட நாங்கள் அதிகம் எச்சரிப்பது உவர்ச் சேற்றை. உப்பளங்களை ஒட்டியும் கழிமுகங்களிலும், மேலே வெள்ளைப் பொருக்கு கட்டி, காய்ந்த களம் மாதிரி தெரியும். விரலால் குத்தினால் அரை அங்குலத்துக்குக் கீழே கறுப்பாகக் குழம்பும், அழுகிய முட்டை வாடை வரும். அங்கே வண்டி இறங்கினால் டிராக்டர்தான் இழுக்க வேண்டும். இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் பதிந்தால் திரும்பிவிடுங்கள்.

இனி நாயின் கால். நொண்டாவிட்டாலும், ஒரே பாதத்தை விடாமல் நக்கினால் முள்தான். விரலிடுக்கை விரித்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே ஒடிந்த முள், தோலில் கறுப்புப் புள்ளியாக மட்டும் தெரியும். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் காலை ஊறவைத்து, முனை கூரான சாமணத்தால், முள் ஏறிய சாய்விலேயே இழுங்கள். முனை வராவிட்டால் கிளறாதீர்கள். இரண்டு மூன்று நாளில் வீங்கிச் சீழ் வைக்கும், அதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மணல்மேட்டில் உருண்டையாகக் கிடக்கும் ராவணன் மீசைப் புல்லும் குத்தும். மதிய மணலில் புறங்கையை வைத்து ஏழு விநாடி பொறுக்க முடியவில்லையென்றால் நாயை நடத்தக் கூடாது.

கேள்வி: கரைவலை இழுத்த இடத்தில் கிடந்த மீனை எங்கள் நாய் தின்றுவிட்டது. பயப்பட வேண்டுமா? – வாசகி, கீழக்கரை

பதில்: என்ன மீன் என்பதைப் பொறுத்தது. பேத்தை மீன் என்றால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். வலையில் வந்ததும் மீனவர்கள் தூக்கி எறிவது இதைத்தான். வயிறு உப்பி, தோல் சொரசொரப்பாக, பல் கிளியலகு போல இருக்கும். இதன் நஞ்சு வெயிலில் காய்ந்தாலும் வெந்தாலும் போகாது. அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் எச்சில் ஒழுகும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு இறங்கும்வரை மூச்சைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை, அதனால் மருத்துவமனைக்குப் போகும் நேரம்தான் உயிர். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள். தள்ளாடும் நாய்க்கு அது நுரையீரலில் இறங்கிவிடும். மிச்ச மீனைப் பையில் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

தூண்டில் முள்ளை விழுங்கி, வாயில் தூண்டில் நரம்பு (நைலான் இழை) தொங்கினால் இழுக்காதீர்கள், அறுக்கவும் வேண்டாம். காலர் பட்டையில் நரம்பைக் கட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். கரையில் மேய்கிற பழக்கமுள்ள நாய்க்கு, மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் வசதியான கூடை வாய்ப்பூட்டு போட்டே நடத்துங்கள். ஒதுங்கிக் கிடக்கும் சொறி மீனும் (ஜெல்லி மீன்) செத்த பிறகும் சுடும்.

கேள்வி: பக் நாயை மே மாதம் கூட்டிப்போகலாமா? – வாசகர், திருவாடானை

பதில்: வேண்டாம். சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சிரைத்து உடம்புச் சூட்டை இறக்கும் திறன் குறைவு. சிப்பிப்பாறை, கன்னி மாதிரியான ஒட்டுமயிர் நாய்கூட அந்த மாதம் காலை எட்டு மணிக்கு மேல் நிழலுக்குப் போக வேண்டும். மூடிய காரில் பத்து நிமிடத்தில் சூடு சுமார் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயனில்லை.

கேள்வி: ராத்திரி கரையில் நாயை அவிழ்த்துவிடலாமா? – வாசகி, மண்டபம்

பதில்: ஜனவரி முதல் மார்ச் வரை கூடவே கூடாது. பங்குனி ஆமை முட்டையிடும் காலம் அது. நாய் மோப்பம் பிடித்துக் குழியைத் தோண்டிவிட்டால் நூறு முட்டைக்கு மேல் ஒரே இரவில் போய்விடும். தாய் ஆமையும் ஆள் அரவம் கேட்டால் முட்டையிடாமல் கடலுக்குத் திரும்பும். டார்ச்சின் மேல் சிவப்புத் தாள் ஒட்டுங்கள், கயிற்றை ஆறடிக்கு மேல் விடாதீர்கள். மணலில் டிராக்டர் ஓடியது போன்ற தடம் கடலிலிருந்து மேலேறிப் போயிருந்தால், அதைத் தாண்டாமல் திரும்பி வந்து, காலையில் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.