மூக்கில் ரியூப்போடு வீட்டுக்கு வரும் பிள்ளைக்கு என்னென்ன சிக்கல் வரலாம்?

துணுக்காய்ப் பக்கம் வீடு, தங்கச்சியின் மாதம் நிறையாத பிள்ளையை, மூக்கு வழியாக வயிற்றுக்குப் பால் விடும் ரியூப்போடு ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பப் போகிறார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் 30 வாரத்தில் பிறந்து அப்படித்தான் வீட்டுக்கு வந்தாள்.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, ரியூப் இடம் மாறிப் பால் நுரையீரலுக்குள் போவது. நம்முடைய வெக்கையில் கன்னம் வேர்த்து பிளாஸ்டர் ஓரம் கிளம்பிவிடும். பிள்ளை கையை ஆட்டினாலே போதும், ரியூப் இழுபட்டுவிடும். அதனால் மூக்கு வாசலில் ரியூப் மேல் பேனையால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிப் பாலாக இருந்தாலும் லைட்டைப் போட்டு அந்தக் கோட்டைப் பார்த்த பிறகே பால் விட வேண்டும். கோடு சரியாக இருந்தாலும் அது மட்டும் போதாது. சிறிஞ்சால் ரியூப்பில் இருந்து கொஞ்சம் உறிஞ்சி அமிலம் பார்க்கும் தாளில் விடுங்கள். அமில அளவு (pH) 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் வயிற்றில்தான் இருக்கிறது. ரியூப்பில் காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்பவே வேண்டாம், நுரையீரலில் இருந்தாலும் அந்தச் சத்தம் வரும். தாளை வாட்டிலேயே கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை அழுகிறதென்று அம்மம்மாமார் சிறிஞ்சை அமத்தச் சொல்வார்கள். பாவம், மனம் கேட்காது. ஆனால் வேகமாகப் போனால் சத்தி வரும், அது புரைக்கேறும். தலைப்பக்கத்தை உயர்த்திப் பிடித்து, பால் தானாக இறங்க விடுங்கள். முடிந்ததும் வாட்டில் சொன்ன அளவு ஆறிய கொதிநீர் விட்டால் ரியூப் அடைக்காது. ஒரே மூக்கில் நெடுக இருந்தால் புண் வரும், மாற்றும்போது மற்றப் பக்கம் போடுவார்கள்.

பலர் கவனிக்காத ஒன்று, வாய். வாயால் எதுவும் குடிக்காத பிள்ளை பிறகு வாயில் எதை வைத்தாலும் ஓங்காளிக்கும். டொக்டர் சரி என்றால், ரியூப்பில் பால் இறங்கும்போதே மார்பில் சும்மா சூப்ப விடச் சொல்லுங்கள். என் மகள் பிறகு பால் குடிக்கப் பழகியதற்கு அதுதான் காரணம் என்று நம்புகிறேன்.

பால் விடும்போது இருமினாலோ, உதடு நீலித்தாலோ உடனே நிறுத்தி 1990 என்ற நம்பருக்கு அடித்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். பச்சையாகச் சத்தி, வயிறு ஊதி இறுகுவது, மலத்தில் இரத்தம் இருந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். ரியூப் கழன்று வந்தால், பழக்கித் தந்தவர் தவிர யாரும் திருப்பிப் போடக் கூடாது. அடுத்த பால் நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஆகவே இரவில் யாருடைய ஓட்டோ வரும் என்று இப்போதே பேசி வையுங்கள்.