கணினிப் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் ஊடகத் தொழில்நுட்பத்தைக் கற்பிக்க முடியுமா?

கணினிப் பட்டம் பெறாத உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களை வீடியோ தொகுப்பு, அனிமேஷன் போன்றவற்றைக் கற்பிக்கத் தயார்ப்படுத்த முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உறுதியாக முடியும், கேரளமே அதற்குச் சான்று. அங்கு 2001-இல் தொடங்கி, 2017-இல் கைட் என்ற அரசு நிறுவனமாக மாறிய, பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பக் கல்வித் திட்டமான ஐடி அட் ஸ்கூல், பிற பாடங்களைக் கற்பித்துவந்த ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களை உருவாக்கியது. 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் தகவல் தொழில்நுட்ப மன்றங்களுக்கும் அந்தந்தப் பள்ளி ஆசிரியர்களே பொறுப்பேற்கின்றனர். யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் பகிரவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளையே இத்திட்டம் நம்பியதால், பயிற்சியில் பழகியதை ஆசிரியர் வீட்டுக் கணினியிலும் செலவின்றி நிறுவிப் பயில முடிந்தது. என் பார்வையில் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது.

பயிற்சியில் விரிவுரையைக் குறைத்து, ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு சிறு வீடியோவைத் தாமே முழுமையாகச் செய்து முடிக்கும்படி அமைக்க வேண்டும். அப்போதுதான் நடைமுறைச் சிக்கல்களை அவர்கள் நேரில் சந்திப்பார்கள். எடுத்துக்காட்டாக, கேடென்லைவ் என்ற வீடியோ தொகுப்பு மென்பொருளின் திட்டக் கோப்பு, மூலக் காட்சிகளைத் தன்னுள் வைத்துக்கொள்ளாமல் அவை இருக்கும் இடத்தை மட்டுமே குறித்துக்கொள்கிறது. ஆகவே பென்டிரைவிலிருந்து நேரடியாகச் சேர்த்த காட்சிகள், அதைக் கழற்றிய பிறகு திட்டக் கோப்பைத் திறந்தால் கிடைப்பதில்லை. "என் வீடியோ போய்விட்டது, டீச்சர்" என்று மாணவி வந்து நிற்கும்போது, இச்சிக்கலைப் பயிற்சியிலேயே சந்தித்தவர் பதறாமல் வழிகாட்டுவார். பதிப்புரிமையையும், படம்பிடிக்கப்படுவோரின் ஒப்புதலையும்கூட அந்த வீடியோவைச் செய்யும்போதே கற்பிப்பது நல்லது.