பூசணம் பிடித்த தைலமும் கார்போக அரிசியும்: நாட்டு மருந்துக்கடைப் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி ஒரே புகார்: வீட்டில் ஆசையாகச் செய்து வைத்த அழகுப் பொருள் கெட்டுப்போய்விட்டது. அதிலிருந்தே தொடங்குகிறேன். மாமனார் காலத்திலிருந்து மதுரையில் நாட்டு மருந்துக்கடை நடத்தும் குடும்பம் எங்களுடையது; கல்லூரியில் நான் படித்தது வேதியியல். அதனால் என் பதில்களில் பாட்டியும் இருப்பாள், பரிசோதனைக்கூடமும் இருக்கும்.

தஞ்சாவூர் வாசகி: கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ மூன்றையும் அரைத்துத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சினேன். பச்சை நிறத்தில் அழகாக வந்தது. இரண்டே வாரத்தில் அடியில் கசண்டு, மேலே பூசணம், புளித்த வாடை. எங்கே தவறு?

அடுப்பைச் சீக்கிரம் அணைத்துவிட்டீர்கள், தங்கச்சி. பச்சை இலையை அரைத்து ஊற்றும்போது எண்ணெயோடு நிறைய தண்ணீரும் சேர்ந்து போகிறது. அந்தத் தண்ணீர் முழுவதும் ஆவியாகும் வரை எண்ணெய் சடசடக்கும், நுரைக்கும். சடசடப்பு அடங்கி நுரை தணிந்த பிறகுதான் அது தைலம். அதற்கு முன் இறக்கினால் இலைச்சாறு அடியில் தங்கிப் பூசணத்துக்குச் சாப்பாடாகும்.

பதம் பார்க்க இரண்டு வழி உண்டு. அடியில் படியும் கல்கத்தை, அதாவது அரைத்த இலை விழுதை, எடுத்து விரலால் உருட்டினால் மெழுகுபோல் திரள வேண்டும். அதையும் தாண்டி மணல்போல் நறநறத்தால் கருகும் எல்லைக்குப் போய்விட்டது என்று பொருள். இரண்டாவது வழி எனக்கு இன்னும் பிடிக்கும். பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். படபடவென்று வெடித்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். அடுப்பு கடைசி வரை சிறு தீயில்தான் இருக்க வேண்டும். வடிகட்டும் துணி, புட்டி, மூடி எல்லாம் வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். கழுவித் துடைத்த புட்டி காய்ந்த புட்டி ஆகாது.

இவ்வளவு காவல் காக்கப் பொறுமை இல்லையென்றால் நிழலில் உலர்த்திய இலையை வாங்கிப் போடுங்கள். நிறம் சற்றுக் குறையும், எண்ணெய் நிற்கும்.

முடி வளருமா என்றும் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். தேங்காய் எண்ணெய் முடியிழைக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. உடன் சோதித்த மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் அந்த வேலையைச் செய்யவில்லை. ஆகவே இருக்கிற முடி உடையாமல் காக்கும் என்று தைரியமாகச் சொல்வேன். வழுக்கையில் முளைக்கும் என்று சொல்லி விற்பவர் கடைக்கு நான் போட்டி இல்லை.

கோயம்புத்தூர் கல்லூரி மாணவி: வீட்டுக் கற்றாழையை மிக்சியில் அடித்து, கெடாமல் இருக்க இரண்டு வைட்டமின் ஈ மாத்திரையைப் பிழிந்துவிட்டு, மேசை மேல் வைத்திருந்தேன். ஐந்தாம் நாள் நீர்த்துப்போய் நாற்றம். கடையில் வாங்கும் ஜெல் மட்டும் எப்படி இரண்டு வருடம் இருக்கிறது?

கடை ஜெல்லில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் சேர்த்திருக்கிறார்கள் அம்மா, அதனால் இருக்கிறது. வைட்டமின் ஈ அந்த வேலையைச் செய்யாது. எண்ணெய்க்குக் காறல் வாடை வருவதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கற்றாழைச் சோறு ஏறக்குறைய முழுவதும் தண்ணீர். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு பாக்டீரியா வந்தே தீரும். நாற்றம் வருவதற்கு முன்பே வந்துவிடும் என்பதுதான் தொல்லை. பன்னீரும் வெள்ளரிச்சாறும் சேர்த்து அடிக்கும் கிரீமுக்கும் இதே கதிதான்.

அன்றைக்குத் தேவையான துண்டை மட்டும் வெட்டுங்கள். வெட்டிய பக்கம் கீழே இருக்குமாறு மடலை நிறுத்தி வைத்தால் மஞ்சள் பால் வடியும். அதைக் கழுவாமல் பூசினால்தான் பலருக்கு அரிப்பு வருகிறது. மீதியை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

சென்னை வாசகி: மகளுக்கு ஷாம்பு நிறுத்திச் சீயக்காய் ஆரம்பித்தேன். நுரை இல்லை, கண் எரிகிறது, தலை முழுக்கத் தூள். அவள் மறுபடி ஷாம்பு கேட்கிறாள்.

பெண் பக்கம் நியாயம் இருக்கிறது. நீங்கள் தூளை நேராகத் தலையில் கொட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சோறு வடித்த கஞ்சியை வெதுவெதுப்பாக எடுத்து, அதில் பொடியைக் கரைத்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு, மெல்லிய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வேலை செய்வது கரைந்து இறங்கிய சபோனின் என்ற நுரைப்பொருள்தான்; சக்கை தலைக்கு ஏற வேண்டியதே இல்லை. நுரை ஷாம்பு அளவுக்கு வராது, வரவும் தேவையில்லை. நுரைக்காகப் பூந்திக்கொட்டையை அள்ளிப் போட்டிருந்தால் கண் எரிச்சலுக்குக் காரணம் அநேகமாக அதுதான்.

எங்கள் கடையில் கட்டித் தரும் கணக்கு: சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், கொட்டை நீக்கிய பூந்தி 100 கிராம், காய்ந்த செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடி, வாசத்துக்குப் பூலாங்கிழங்கு 50 கிராம். நல்ல வெயிலில் காயவைத்து, கையால் ஒடித்தால் சீயக்காய் படக்கென்று உடையும் பக்குவத்தில் மில்லுக்குக் கொண்டுபோங்கள். சீயக்காய்க்குத் தனி இயந்திரம் வைத்திருக்கும் மில்லாகப் பாருங்கள். மிளகாய் அரைத்த கையோடு அரைத்துத் தந்தால் மகள் ஆயுளுக்கும் சீயக்காயைத் தொடமாட்டாள்.

எண்ணெய் வைக்காத தலைக்குச் சீயக்காய் போட்டால் முடி வைக்கோலாகும். வறண்ட கூந்தல் என்றால் கொங்குப் பக்கத்து அரப்பை முயன்று பாருங்கள். உசில இலையை உலர்த்தி இடித்த பச்சைத் தூள் அது. என் அனுபவத்தில் சீயக்காயைவிட மென்மையானது. ஈரோடு, கரூர்ப் பக்கம் உறவினர் இருந்தால் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிப் பாட்டி: ஏழு மாதப் பேரனுக்குக் குளியல் பொடி அரைக்கப் போகிறேன். பட்டியலில் கார்போக அரிசி 50 கிராம் இருக்கிறது. தோல் நிறம் வரும் என்கிறார்கள். போடலாமா?

வேண்டாம் அம்மா. இந்தப் பதிலை மட்டும் எல்லோரும் படியுங்கள்.

கார்போக அரிசி என்ற விதையில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், சாதாரண வெயிலே தோலைச் சுட்டுவிடும். சிவந்து, கொப்புளம் எழும்பி, ஆறிய இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். இந்தக் குணத்தைத் தெரிந்துதான் வெண்புள்ளி நோய்க்கு அதை மருந்தாக வைத்தார்கள். தோல் மருத்துவர்களும் சோராலெனைக் கொடுத்து, அளந்து புற ஊதாக் கதிர் காட்டி வெண்புள்ளிக்குச் சிகிச்சை செய்கிறார்கள். அப்படி அளந்து தர வேண்டிய மருந்தை நலங்கு மாவில் கலந்து, குழந்தையைக் குளிப்பாட்டி இளவெயிலில் காட்டுவது எந்தக் கணக்கில் சேரும்? பட்டியலோடு வருபவர்களிடம் நான் அந்த ஒரு வரியை அடித்துவிட்டுத்தான் மற்றதைக் கட்டுகிறேன். இதில் எனக்கு வியாபார நட்டம் ஒன்றும் பெரிதாக இல்லை.

பெரியவர்களுக்கு: பச்சைப்பயறு அரை கிலோ, ஆவாரம்பூ 100 கிராம், ரோஜா இதழ் 100 கிராம், கஸ்தூரி மஞ்சள் 50, பூலாங்கிழங்கு 50, கோரைக்கிழங்கு 50, வெட்டிவேர் ஒரு கைப்பிடி. கஸ்தூரி மஞ்சள் என்று கேட்டு வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசம் வர வேண்டும், தூள் வெளிறியிருக்க வேண்டும். சமையல் மஞ்சள்போல் பளீரென்று கையில் ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

பேரனுக்கு இப்போது எந்தப் பொடியும் தேவையில்லை. தூள் மூக்கில் ஏறும், கரகரப்பு பிஞ்சுத் தோலைக் கீறும். கண்ணுக்கு மையும் வேண்டாம். கடைகளில் சுர்மா என்று வருவதில் ஈயம் இருப்பதுண்டு. வீட்டு மை என்றாலும் குழந்தையின் கண்ணுக்குள் விரல் போவது நல்லதல்ல. நிறம் பேரனுக்கு ஏற்கெனவே இருக்கிறது.

திருச்சி வாசகர், வயது 19: தாடி அடர்த்தியாக வளர என்ன எண்ணெய் காய்ச்சலாம்?

அப்பாவின் தாடியைப் பாருங்கள் தம்பி, பெரும்பாலும் பதில் அங்கே இருக்கும். இன்னும் சில வருடம் பொறுங்கள். விளக்கெண்ணெய் பளபளப்பு தரும். அதிகமானால் பரு தரும்.

சேலம் வாசகி: எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்து முகத்தில் தேய்த்தால் பொங்குகிறது. அழுக்கு வெளியேறுகிறதா?

பொங்குவது கரியமில வாயு. அழுக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோலின் இயல்பு இலேசான அமிலம்; அமிலமா காரமா என்று சொல்லும் பி.எச். அளவில் ஐந்துக்குப் பக்கத்தில். எலுமிச்சை இரண்டு, சோடா எட்டுக்கு மேல். இரண்டும் முகத்துக்கு ஆகாது. எலுமிச்சை வகைகளிலும் மேலே சொன்ன சோராலென் வகைப் பொருள்கள் உண்டு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் கறுப்புத் திட்டு விழும். எலுமிச்சையை ரசத்தில் பிழியுங்கள், சோடாவால் சமையல் மேடையைத் துடையுங்கள்.

விழுப்புரம் வாசகி: நரைக்கு மருதாணி போட்டால் செம்பட்டையாகிறது. சந்தையில் 'கறுப்பு மருதாணி' பத்து நிமிடத்தில் கறுப்பாக்குகிறது. அதுவும் இயற்கைதானே?

மருதாணி இலையில் இருக்கும் சாயம் லாசோன். அது நரையில் செம்மஞ்சளாகத்தான் ஏறும். இரும்புச் சட்டியில் தேயிலை நீர் விட்டு ஊறவைத்தால் கொஞ்சம் பழுப்புப் பக்கம் போகும். கறுப்பு மருதாணி என்று ஒரு செடி கிடையாது. பத்து நிமிடத்தில் கறுத்தால் அட்டையில் பொடி எழுத்தைப் படியுங்கள்: பாரா பினைலின் டையமின் அல்லது பி.பி.டி. என்று இருக்கும். அது ரசாயனச் சாயம்; ஒவ்வாதவர்களுக்கு முகமே வீங்கிவிடும்.

நீங்கள் இருக்கும் மாவட்டத்திலேயே விடை விளைகிறது. திண்டிவனம் பக்கம் அவுரி பயிரிடுகிறார்கள். அந்த இலைத் தூள்தான் கறுப்புக்கு வழி. முதல் நாள் மருதாணி போட்டு அலசி, முடி காய்ந்த பிறகு அவுரி. மருதாணியை மணிக்கணக்கில் ஊறவைக்க வேண்டும்; அவுரிக்கு நேர்மாறு. வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் குழைத்துப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலையில் ஏறிவிட வேண்டும், தாமதித்தால் சாயம் கிண்ணத்திலேயே தீர்ந்துவிடும். எலுமிச்சை, தயிர் எதுவும் சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரில் அலசுங்கள். அன்று முடி பச்சையடிக்கும், கலங்க வேண்டாம். காற்றுப் படப்பட மறுநாள் கறுக்கும். ஷாம்புவை இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள். இலைதானே என்று இருக்காமல், முழங்கை மடிப்பில் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டே தலைக்குப் போகவும்.

நாகர்கோவில் வாசகர்: சொந்தத் தோப்புத் தேங்காய் எண்ணெய் இருக்கிறது. காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பு செய்ய முடியுமா?

முடியாது. எண்ணெயும் காஸ்டிக் சோடா போன்ற காரமும் சேர்ந்து மாறுவதற்குப் பெயர்தான் சோப்பு. கணக்குச் சரியாக இருந்தால் முடிவில் காஸ்டிக் மிஞ்சாது. கடையில் கட்டியாக வாங்கி உருக்கி ஊற்றுகிறார்களே, அந்தச் சோப்புக்கும் காரத்தை வேறு யாரோ கலந்திருக்கிறார்கள்.

500 கிராம் தேங்காய் எண்ணெயை முழுதாகச் சோப்பாக்க 91 கிராம் காஸ்டிக் வேண்டும். தேங்காய் எண்ணெய் மட்டும் என்றால் சோப்பு தோலை வறட்டும். அதனால் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து 73 கிராம் போடுங்கள். மாறாத எண்ணெய் தோலுக்கு நிற்கும். தண்ணீர் 190 கிராம். ஒரு கிராம் காட்டும் தராசு இல்லாமல் இறங்காதீர்கள். கரண்டிக் கணக்கு இங்கே செல்லாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கில் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் வேண்டும். எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அலுமினியத்தைக் காஸ்டிக் அரித்து ஹைட்ரஜன் வாயு கிளம்பும். வீட்டில் சிறு பிள்ளை இருந்தால் பள்ளிக்குப் போன பிறகு செய்யுங்கள். வார்த்த கட்டியை வெட்டி நான்கு வாரமாவது காற்றாட வையுங்கள். ரோஜா இதழ் தூவும் ஆசை வேண்டாம், காரத்தில் பழுப்பாகிவிடும்.

திண்டுக்கல் வாசகி: என் கூந்தல் தைலத்தை உறவினர் எல்லோரும் பாராட்டுகிறார்கள். வாட்ஸ்அப்பில் விற்கலாம் என்று இருக்கிறேன். 'பொடுகு தீரும், மாமியார் வழித் தலைமுறை ரகசியம்' என்று லேபிள் அடித்துவிட்டேன்.

லேபிளை நிறுத்துங்கள். விற்பனைக்கு அழகுப் பொருள் தயாரிக்க 1940ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின் கீழ் மாநில உரிமம் வேண்டும். 2020இல் அதற்கெனத் தனி விதிகளே வந்திருக்கின்றன. அடுப்படியில் செய்தது என்பதால் விலக்குக் கிடையாது. 'பொடுகு தீரும்' என்று எழுதினால் அது மருந்தென்று கருதப்படும். அதற்கு வேறு உரிமம். இரண்டுக்கும் உங்கள் மாவட்ட மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். உரிமம் உள்ள சிறு தயாரிப்பாளரிடம் கொடுத்துச் செய்து வாங்குகிறவர்களும் உண்டு. தொடக்கத்துக்கு அது செலவு குறைவு. தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், முகவரி, உள்ளே சேர்ந்த பொருள்கள் எல்லாம் புட்டி மேல் வர வேண்டும். மாமியார் ரகசியத்துக்கு அப்புறம் இடம் மிஞ்சாது.