பாதியில் நிற்கும் அடுக்குமாடி: ரத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: போரூர் பக்கம் 14 மாடிக் குடியிருப்பில் ஃப்ளாட் வாங்கினேன். எட்டாவது தளத்தோடு வேலை நின்றுவிட்டது, கம்பியெல்லாம் துருவேறிக் கிடக்கிறது. "மௌலிவாக்கம் மாதிரி இதையும் இடிச்சிடுவாங்க, ரத்துப் பத்திரம் போட்டுக் கொடுங்க, பாதிப் பணமாவது வாங்கித் தர்றேன்" என்கிறார் ஒரு புரோக்கர். செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது.

மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னொன்றை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். வேலை நின்றுபோனதற்காக யாரும் அதை இடிக்கவில்லை. உங்கள் கட்டடம் தாங்குமா என்று கான்கிரீட்டைச் சோதித்துப் பொறியாளர் சொல்லட்டும், கமிஷன்காரர் சொல்ல வேண்டாம்.

உங்கள் பெயரில் யூடிஎஸ், அதாவது பிரிபடாத மனைப் பாகம், பத்திரமாகியிருந்தால் கட்டடம் போனாலும் மண்ணில் பங்கு உங்களுடையது. புரோக்கரின் குறி அதில்தான். வங்கிக்கடன் வாங்கியவரின் ஒரிஜினல் பத்திரம் வங்கியில் இருக்கும், அவரிடம் இவர் போக மாட்டார், கைப்பணம் போட்டவரைத்தான் தேடி வருவார். ரத்துப் பத்திரத்தில் "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்" என்று ஒரு வரி இருக்கும், ஆனால் கைக்கு வருவது மூன்று மாதம் தள்ளித் தேதி போட்ட காசோலை. அது திரும்பினால் அலைய வேண்டியது நீங்கள்.

ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், புகார் கொடுங்கள். ரெரா சட்டத்தின் 18-வது பிரிவுப்படி கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம், வீடுதான் வேண்டும் என்றால் தாமதத்துக்கு மாதாமாதம் வட்டி கேட்கலாம். உத்தரவு வந்துவிடும், பணம்தான் வராது. நில வரி பாக்கி மாதிரி வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது, பில்டரிடம் வசூலிக்கச் சொல்லி ரெரா அனுப்பும் வசூல் சான்றிதழோ கலெக்டர் ஆபீஸில் தூங்குகிறது. விவசாயி பாக்கி என்றால் மட்டும் எங்கிருந்து வருகிறதோ அந்த வேகம்!

ஒரு விதிவிலக்கு, இதைக் கவனமாகப் படியுங்கள். பில்டர் கம்பெனி மீதான திவால் மனுவை என்சிஎல்டி, அதாவது தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம், ஏற்றுக்கொண்டுவிட்டால் ரெரா வசூல் அப்படியே நின்றுவிடும். அப்போது பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வரும், அதில் சொன்ன தேதிக்குள் வீடு வாங்கியவர்களுக்கான 'சிஏ' படிவத்தில் உங்களுக்கு வர வேண்டிய தொகைக்கான கோரிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். கையில் ரெரா உத்தரவு இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள், உத்தரவு வாங்கியவரும் தனியாகக் கோர வேண்டும். பணம் கட்டிய ரசீது, வங்கிக் கணக்கு விவரம், ஒப்பந்தம் எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

இந்த வாரமே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். மனையை எந்த வங்கியிலாவது அடமானம் வைத்திருந்தால் அந்த வங்கியையும் புகாரில் எதிர்தரப்பாகச் சேர்க்கச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.